சரிவு வாசலுக்கு வாங்கிய கல்லும் புல்லும்

தலவாக்கலை நகரத்துக்குச் சற்று மேலே, தேயிலை மலை முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. காணி 15 பேர்ச். அதில் சமதரை என்று சொல்லத்தக்கது வீடு நிற்கும் இடம் மட்டும்தான். முன்வாசல் வீதியை நோக்கிச் சரிந்து போகிறது, பின்புறம் வெட்டிய மண்மேடு எழுந்து நிற்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை வாசல் சேறாகவே கிடக்கும். பாடசாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதைச் சீர்செய்ய எண்ணி, இந்த இரண்டு வருடங்களில் மூன்று வகைக் கல்லையும் இரண்டு வகைப் புல்லையும் விலை கொடுத்து வாங்கிப் போட்டேன். சில நிலைத்தன, சில மழையோடு போயின, ஒன்றை நானே கூலி கொடுத்து அள்ளி வெளியேற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பொருட்களையும் அவற்றை விற்ற கடையையும் பற்றிய என் மதிப்பீட்டை, இதே போன்ற சரிவில் வீடு கட்டியிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பிரதான வீதியோரத்தில் பூச்செடி, பூச்சாடி, கல், புல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விற்கும் கடைகள் மலையகம் எங்கும் பெருகிவிட்டன, அவற்றில் இதுவும் ஒன்று. கல் வகைகளைச் சிறு சிறு பாத்திகளாகப் பரப்பி, நடுவே ஒரு கல்விளக்கையும் வைத்துக் காட்டியிருந்தார்கள். பார்க்க மிகவும் அழகாக இருந்தது. ஆனால் அந்தக் கடை சமதரையில் இருந்தது. என் வாசல் எவ்வளவு சரிவு என்று கடைக்காரர் கேட்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பின்னால் நேர்ந்த சிக்கல்களில் பாதி அங்கேயே தொடங்கிவிட்டன.

வாங்கப் போகும் முன்பே ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தோட்டப் படங்களைப் பார்த்துவிட்டுக் கடையில் போய்க் ‘கிரவல்’ வேண்டும் என்று கேட்டால், நம் நாட்டில் வீதிக்குக் கொட்டி நெருக்கும் சிவந்த சரளைமண் ஒரு லொறி வந்து வாசலில் இறங்கும். முற்றத்துக்கு வேண்டியது அதுவல்ல. குவாரியில் உடைத்த கருங்கல் வேண்டுமானால் முக்கால் அங்குலம், அரை அங்குலம், அதைவிடச் சிறிய சிப்ஸ் என்று அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். உருண்டைக் கல் வேண்டுமானால் கூழாங்கல் என்றோ ஆற்றுக்கல் என்றோ கேட்க வேண்டும்.

அளவுக் கணக்கையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. கல்லைக் கியூப் கணக்கில் விற்கிறார்கள், ஒரு கியூப் என்பது 100 கன அடி. இரண்டு அங்குலத் தடிப்பில் பரப்பினால் ஒரு கியூப் 600 சதுர அடிக்குப் போதும், மூன்று அங்குலம் என்றால் 400 சதுர அடியோடு சரி. தோட்டங்களில் 7 பேர்ச் காணியோடு கட்டிக் கொடுத்த வீடுகளை எடுத்துக்கொண்டால், அந்தக் காணி ஏறத்தாழ 1,906 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போனால் மிச்சம் முழுவதிலும் இரண்டு அங்குலத் தடிப்பில் கல் போட்டாலும் ஏறத்தாழ இரண்டேகால் கியூப்தான் தேவைப்படும். நான் இந்தக் கணக்கைப் போடாமல் போனேன். கடைக்காரர் சொன்ன அளவை அப்படியே வாங்கியதில் கூழாங்கல் மூட்டைகள் எட்டு மிஞ்சிப்போயின.

முதலில் வாங்கியது அந்தக் கூழாங்கல்லைத்தான். வெள்ளையும் சாம்பலும் பழுப்பும் கலந்து, முட்டை போல் வழுவழுப்பாக, நனைந்தால் பளபளக்கும் கல். கேட்டிலிருந்து படி வரையுள்ள சரிவுப் பாதை 300 சதுர அடி வரும், அது முழுவதற்கும் அதையே தெரிவுசெய்தேன். களை வராமலிருக்க அடியில் கறுப்புப் பொலித்தீன் விரிக்கச் சொல்லிக் கடைக்காரரே ஒரு சுருளை வெட்டித் தந்தார். விரித்து, மேலே கல்லைப் பரப்பினோம். ஏப்ரல் மாதம் முழுவதும் வந்தவர் போனவர் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதத்தில் ஓர் இரவு மழை விடாமல் கொட்டியது. நடுச்சாமத்துக்கு மேல் வாசலில் ஒரு சத்தம். நெல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது போலத் தொடங்கி, சற்று நேரத்தில் நின்றுவிட்டது. காலையில் கதவைத் திறந்தபோது, பாதையின் மேற்பாதியில் கறுப்புப் பொலித்தீன் மட்டும் மழைநீரில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதன் மேலிருந்த கல் அவ்வளவும் சரிந்து போய் வீதியோரக் கானை நிறைத்திருந்தது. கான் அடைபட்டதால் தண்ணீர் வீதிக்கு ஏறிவிட்டது. பாடசாலைப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் கடந்து போனார்கள். தலைகுனிவாக இருந்தது.

பக்கத்து வீட்டுத் தாத்தா தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கான்வெட்டும் கல்லுக்கட்டும் செய்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்தார், சிரிக்கவில்லை. ஒரு கூழாங்கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக் காட்டினார். “டீச்சர், இது ஒண்ண ஒண்ணு புடிக்காது. அடியில ரப்பர் சீட்டு வேற போட்டிருக்கீங்க. உடைச்ச கல்லுக்குத்தான் பல்லு இருக்கு” என்றார்.

அவர் சொன்னதுதான் முழு விடயமும். ஆற்றில் உருண்டு வந்த கல்லுக்கு விளிம்பு கிடையாது, சரிவில் அது நிற்பதற்குப் பிடிமானம் எதுவும் இல்லை. குவாரியில் உடைத்த கல்லின் கூர் விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கின்றன, நடக்க நடக்க அவை மேலும் இறுகுகின்றன. பொலித்தீன் நீரை உள்ளே விடாது. மழைநீர் அதன் மேலேயே ஓடும், கல் அந்த ஓட்டத்தில் வழுக்கும். களையைத் தடுக்க வேண்டுமென்றால் தண்ணீரை இறங்கவிடும் துணி வேண்டும். வீதி வேலைக்கும் கான் வேலைக்கும் பயன்படுத்தும், கம்பளிப் போர்வை போன்ற ஜியோ டெக்ஸ்டைல் துணியை ஹாட்வெயார் கடைகளில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். அதை அரை அடி ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி விரித்தால் போதும். அதுவும் கீழிருந்து வரும் களையைத்தான் தடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றில் வந்து கல்லின் மேல் விழும் விதை, அங்கே தேங்கும் சருகுமண்ணில் முளைக்கத்தான் செய்யும். அதைக் கையால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கடையில் களைநாசினி அடிக்கலாம் என்றார்கள். கிளைபோசேட்டை 2015 இல் தடைசெய்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்திய கதையெல்லாம் மலையகத்தாருக்குத் தெரியும். சட்டம் எப்படியிருந்தாலும், எங்கள் வாசலுக்குக் கீழே நாலு குடும்பம் பீலித் தண்ணீர் பிடிக்கிறது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

இரண்டாம் முறை அரை அங்குல உடைகல் அரைக் கியூப் வாங்கினேன். தாத்தாவின் மேற்பார்வையில் பாதைக்குக் குறுக்கே நாலடிக்கு ஒன்றாகக் கருங்கல் வரிசைகள் பதித்தோம். தேயிலை மலையில் மண் அரிப்பைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே கல்லுக்கட்டு எழுப்புவார்கள் அல்லவா, அதன் குட்டி வடிவம்தான் இது. வரிசைக் கல் மேலே இரண்டு அங்குலத்துக்கு மேல் தெரிய வேண்டியதில்லை, மண்ணுக்குள் நன்றாகப் புதைந்திருந்தால் போதும். ஒவ்வொரு வரிசைக்கும் மேற்பக்கம் கல் தங்கி நின்று, சரிவு சிறு சிறு படிகளாக உடைந்துவிட்டது. பாதையின் ஓரமாக ஒரு சாண் அகலத்தில் சிறு கான் ஒன்றும் வெட்டினோம். அதன் பின் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கீழ் வரிசைக்கு வந்து சேர்ந்த கல் எல்லாம் சேர்ந்து இரண்டு வாளிக்கு மேல் வராது, அதை மண்வெட்டியால் அள்ளி மேலே போட்டால் வேலை முடிந்தது.

உடைகல்லில் குறைகளும் உண்டு. புதிதாக வந்த கல்லில் மாவு போலத் தூசு ஒட்டியிருக்கும். கழுவாமல் கொட்டினால் முதல் மழைக்குப் பால் போன்ற நீர் வீதி வரை ஓடும், மிச்சத் தூசு அடியில் இறுகி நீர் இறங்குவதைத் தடுக்கும். வெறுங்காலோடு நடக்க முடியாது. முக்கால் அங்குலக் கல் வயதானவர்களின் கணுக்காலைப் புரட்டிவிடும், சிப்ஸ் என்றால் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். நடைபாதைக்கு அரை அங்குலமே சரி என்பது என் தீர்ப்பு. இன்னொரு தொல்லையை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள மலையில் நிழலுக்கு நிற்கும், நாங்கள் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியா மரங்களின் சருகு, பன்ன இலை போலப் பல கிளையாகப் பிரிந்தது. அது கற்களுக்கு இடையில் போய்ச் சொருகிக்கொண்டால் ஈர்க்குமாறுக்கும் வராது, கையால்தான் பொறுக்க வேண்டும். மரத்துக்கு நேர் கீழே கல் போட எண்ணுபவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

அப்படியானால் கூழாங்கல் வீண்தானா என்றால், அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. மலையகத்து வீட்டில் கல் போடப் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், அதை முதலில் போட வேண்டிய இடமும் அதுவே. தகரக்கூரைத் தாழ்வாரத்திலிருந்து நீர் விழும் இடத்தைச் சொல்கிறேன். பீலித் தகரம் பொருத்தாத கூரையிலிருந்து மழை ஒரே கோட்டில் விழுந்து மண்ணைக் குடைந்து சிறு பள்ளமாக்கிவிடும். அங்கிருந்து தெறிக்கும் சேறு சுவரில் இரண்டடி உயரத்துக்குச் செம்மண் பூசும். எங்கள் வீட்டுச் சுவருக்கு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வெள்ளை அடிப்போம், ஆடிக்குள் அது பழையபடி ஆகிவிடும். தாழ்வாரத்தின் கீழே இரண்டடி அகலத்தில் நாலு அங்குல ஆழத்துக்கு வெட்டி, சுவரிலிருந்து வெளிப்புறமாகவும் கானை நோக்கியும் வாட்டம் கொடுத்து, துணி விரித்து, மூன்று அங்குலத் தடிப்பில் மிஞ்சிய கூழாங்கல்லைப் போட்டோம். அறுபதடி நீளத்துக்கு 30 கன அடிக் கல் பிடித்தது. இங்கே தரை ஏறத்தாழச் சமம் என்பதால் கல் உருளவில்லை. விழும் நீர் உருண்டைக் கல்லில் மோதிச் சிதறி அடங்கிவிடுகிறது, சுவர் இரண்டு வருடமாக வெள்ளையாகவே இருக்கிறது. வாங்கியவற்றுள் கொடுத்த காசுக்கு மிக நன்றாக உழைத்தது இந்த இரண்டடிப் பட்டைதான். ஆற்றுக்கல் வாங்குபவர்கள் அது எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனிப்பொருட்கள் சட்டத்தின்படி கல்லோ மணலோ எடுப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதியில்லாமல் ஆற்றங்கரையைத் தோண்டி எடுத்த கல்லை வாங்கி நம் சுவரைக் காப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

மூன்றாவது வெள்ளைப் பளிங்குச் சிப்ஸ். மூட்டையில் கட்டி விற்கிறார்கள். படியோரத்திலிருந்த ஹைட்ரேஞ்சியாச் செடிகளைச் சுற்றிப் போட வாங்கினேன். முதல் மாதம் பனி விழுந்தது போலப் பளிச்சென்று இருந்தது. ஆடி முடிவதற்குள் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. தேய்த்துக் கழுவினால் வெளுக்கும், அடுத்த மழைக்குப் பழைய நிலைக்கே வரும். வெயில் காய்ந்த ஊர்களில் இந்தக் கல் நன்றாக இருக்கலாம், மூன்று நாளுக்கு ஒருமுறை வெயில் எட்டிப்பார்க்கும் எங்கள் பக்கத்துக்கு ஆகாது.

பாசியைவிடப் பெரிய விடயம் இரண்டாம் வருடம் பூ பூத்தபோது தெரிந்தது. எங்கள் ஹைட்ரேஞ்சியாக்கள் எப்போதும் ஊதா கலந்த நீலத்தில் பூக்கும், மலையகத்தில் பார்க்கும் இடமெல்லாம் அந்த நீலம்தான். பளிங்குச் சிப்ஸ் போட்ட மூன்று செடிகளில் இரண்டு, வெளிறிய ரோஜா நிறத்தில் பூத்தன. ஒரே கொத்தில் நடுவில் நீலமும் ஓரத்தில் ரோஜாவுமாக, சாயம் சரியாக ஏறாத புடவை போல ஒரு பூ நின்றது. காரணம் எளிது. பளிங்கு சுண்ணாம்புச் சத்துள்ள கல். அது மழையில் மெல்ல மெல்லக் கரைந்து மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. மூட்டையின் அடியில் கிடந்த தூளையும் நான் சேர்த்துக் கொட்டியதால் அது இன்னும் வேகமாக நடந்திருக்கும். அமில மண்ணில்தான் அந்தச் செடியால் அலுமினியத்தை உறிஞ்ச முடியும், அது கிடைத்தால்தான் நீலம் வரும். தோட்டத்தில் கவ்வாத்துக் காலத்தில் மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் போடுவதை நாங்கள் பரம்பரையாகப் பார்த்திருக்கிறோம். பளிங்குச் சிப்ஸ் போடுவதும் அதே வேலையைத்தான் செய்யும் என்று வாங்கும்போது எனக்கு உறைக்கவில்லை. ஹைட்ரேஞ்சியாவுக்கு நிறம் மாறுவதோடு போயிற்று. கமேலியா, அசேலியா போன்ற அமில மண்ணை நாடும் செடிகளைச் சுற்றிப் போட்டால் இலை வெளுத்துச் செடியே நலியும். இரண்டு செடியைச் சுற்றிக் கிடந்ததை ஒரு நாள் கூலி கொடுத்து அள்ளினேன். கருங்கல்லில் இந்தச் சிக்கல் கிடையாது.

இனிப் புல்லுக்கு வருகிறேன். என் அப்பாவின் அப்பா துரை பங்களாவில் தோட்டவேலை செய்தவர். பங்களாப் புல்தரையை வாரம் ஒருமுறை வெட்டிச் சமன்செய்தவர், அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வெள்ளைக்காரர் எங்கே குடியேறினாலும் முதலில் புல்தரை போட்டுக்கொண்டார்கள். நுவரெலியாவில் 1889 இலேயே கோல்ப் கழகம் தொடங்கிவிட்டார்கள். லயத்து வாசலில் புல் முளைத்தால் அது சுரண்டியால் செதுக்க வேண்டிய களை, பங்களா வாசலில் முளைத்தால் அது அலங்காரம். என் வாசலில் புல்தரை வேண்டும் என்ற ஆசையில் அழகுணர்ச்சி மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் அது பொய்.

கடையில் மலேசியன் புல் என்று விற்பதைத்தான் வாங்கினேன். கம்பளம் போல வெட்டி அடுக்கிச் சதுர அடிக் கணக்கில் தருகிறார்கள். அகன்ற, குட்டையான, மினுமினுப்பான இலை. அது அக்சோனோபஸ் என்ற இனத்தின் குட்டை வகை. அதே இனத்தின் சாதாரண வகை தேயிலை மலையின் நடைபாதை ஓரங்களில் யாரும் நடாமல் தானாகவே படர்ந்து கிடக்கிறது. தாத்தா கம்பளத்தைப் பார்த்ததும், “இத நாங்க காசு வாங்கிக்கிட்டுச் செதுக்கிப் போட்டோம், நீங்க காசு குடுத்து வாங்கிட்டு வர்றீங்க” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் இந்தப் பக்கத்துக்கு ஏற்ற புல் எது என்பதற்கு அவர் பேச்சிலேயே விடை இருக்கிறது. இந்த இனம் அமில மண்ணைப் பொறுக்கும், ஈரத்தை விரும்பும், அரை நிழலிலும் பிழைக்கும். மற்றப் புல்லுக்கெல்லாம் டொலமைட் போட்டு மண்ணைத் திருத்த வேண்டியிருக்கும் இடத்தில் இதற்கு ஒன்றும் வேண்டாம். வறட்சியையும் உறைபனியையும் இது தாங்காது. மாசி, பங்குனி வெயிலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினேன், அப்படியும் ஓரங்கள் காய்ந்தன.

போடும் காலம்தான் முக்கியம். முதற்பகுதியை மே நடுவில் போட்டேன், வேர் பிடிப்பதற்குள் பெருமழை வந்து கம்பளத் துண்டுகளை மடித்து வைத்துவிட்டது. மறுபகுதியை செப்டெம்பர் கடைசியில், தென்மேற்கு மழை ஓய்ந்து இடைப்பருவ மழை தொடங்கும் வேளையில் போட்டேன். மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து மூன்று அங்குலம் நிரவி, துண்டுகளைச் சரிவுக்குக் குறுக்காக, செங்கல் கட்டுவது போல இணைப்பு மாறி மாறி வரும்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூங்கில் முளை அடித்தோம். ஆறு வாரத்தில் துண்டைப் பிடித்து இழுத்தாலும் வரவில்லை. பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் இருப்பவர்கள் இந்த மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊவாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காற்று வீசும், மழை அங்கே ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவத்தோடு மார்கழி, தை வரை நிற்கும். ஒக்டோபர் முதல் மழைக்குப் போட்டால் புல்லுக்கு நாலு மாத ஈரம் கிடைக்கும். பண்டாரவளையிலுள்ள என் தோழி மலேசியன் புல்லைப் போட்டு இரண்டு கோடையில் இழந்துவிட்டு, இப்போது பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகையே வாசல் முழுவதும் பரப்பியிருக்கிறாள். முழு வெயில் படும் இடமானால் அந்தப் பக்கத்துக்கு அறுகை மிஞ்ச ஒன்றும் இல்லை. அதன் இலை காய்ந்தாலும் அடித்தண்டு பிழைத்துக் கிடந்து மழைக்குத் துளிர்க்கும். நிழலில் மட்டும் அது நிற்காது.

கம்பளப் புல் வாங்கும்போது துண்டைத் திருப்பி அடிமண்ணைப் பார்க்க வேண்டும். எனக்கு வந்த துண்டுகளில் கோரைக்கிழங்கு ஒளிந்திருந்தது. மூன்றாம் வாரம் ஊசி போன்ற தளிர்கள் புல்லுக்கு மேலே தலை நீட்டின. இலையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே இருந்து மறுபடி முளைக்கும். முள்ளுக்கரண்டியால் ஒவ்வொன்றாகக் கிழங்கோடு தோண்ட எனக்கு ஒரு மாதம் பிடித்தது, இன்னமும் முடியவில்லை. கடைக்காரரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, மாற்றித் தரவும் இல்லை. ஒரு தடவை காட்டுப்பன்றி வந்து புழு தேடி ஐந்தாறு துண்டைக் கிளறிப் போட்டது. அது கடையின் குற்றமல்ல.

இரண்டாவதாக ஜப்பான் புல் என்ற பெயரில் விற்கும் சொய்சியா வாங்கினேன். மெல்லிய இலை, அடர்த்தியான மெத்தை, கையை வைத்தால் எடுக்க மனம் வராது. மிக மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலை குறைவு, ஆனால் இடைவெளி விட்டு நட்டால் மூடுவதற்கும் அதே மெதுவு. வீதியோரத்தில் நாள் முழுவதும் வெளிச்சம் படும் ஆறடிப் பட்டையில் அது அருமையாக இருக்கிறது. அவக்காடோ மரத்தின் கீழ் போட்டது ஒரே வருடத்தில் தலைமயிர் உதிர்ந்தது போலத் திட்டுத் திட்டாகிவிட்டது. கடையில் எல்லா இடத்துக்கும் ஆகும் என்றார்கள், ஆகாது.

நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு என் அனுபவம் அதிகம் உதவாது. அங்கே 1,868 மீற்றர் உயரத்தில் தெளிந்த தை, மாசி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும், மலேசியன் புல் அதற்குத் தாக்குப்பிடிக்காது. அக்கா வீட்டில் கிக்குயு புல் போட்டிருக்கிறார்கள். கென்யாவின் கிக்குயு மக்களின் பெயரைக் கொண்ட, கிழக்கு ஆபிரிக்க மேட்டுநிலத்துப் புல் அது, குளிர் அதற்குப் பழக்கம். உறைபனியில் மேலிலை பழுப்பாகும், மழை வந்ததும் கீழிருந்து பசுமை ஏறிவிடும். ஒரு தை மாதக் காலையில் அக்காவின் பேரன் பனி படிந்த புல்லின் மேல் கேட் வரை ஓடினான். உறைந்த இலைகள் மிதிபட்டு உடைந்ததால், அவன் காலடிகள் ஒவ்வொன்றும் பழுப்பாக இரண்டு வாரத்துக்கு அப்படியே நின்றன. கிக்குயுவின் குறை அதன் பலமே. மழைக்காலத்தில் வாரம் தவறாமல் வெட்ட வேண்டும், தண்டு தரைக்கு அடியிலும் மேலுமாக ஓடிப் பூப்பாத்திக்குள்ளும் கல்பாதைக்குள்ளும் நுழைந்துவிடும். பாத்திக்கும் புல்லுக்கும் நடுவே அரை அடி ஆழத்துக்குக் கல்லோ தகரமோ புதைக்காமல் அதை வீட்டில் சேர்க்கக் கூடாது. கல்பாதையும் கிக்குயுவும் அருகருகே வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பிளாஸ்டிக் புல்லையும் கடையில் காட்டினார்கள். எங்கள் ஈரத்தில் அதன் மேல் பாசிதான் வளரும்.

கடையின் சேவையைப் பற்றி இரண்டு வார்த்தை. சொன்ன நாளில் லொறி வந்தது, சாரதி தம்பி பொறுமையாகப் பின்னோக்கி ஏற்றி வாசல் வரை கொண்டு வந்து கொட்டினார், அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். அளவில் கொடுக்க முடியாது. உடைகல் வந்தபோது தாத்தா அளவுநாடாவோடு லொறியில் ஏறிவிட்டார். பெட்டி எட்டடி நீளம், ஐந்தடி அகலம். அரைக் கியூப், அதாவது 50 கன அடி இருக்க வேண்டுமானால், நிரவிய பின் கல் 15 அங்குல உயரம் நிற்க வேண்டும். நடுவில் குவித்திருந்ததை நிரவி அளந்தபோது 12 அங்குலம்தான் இருந்தது. பத்துக் கன அடி குறைவு. தொலைபேசியில் கதைத்த பிறகு மறுவாரம் மீதியைக் கொண்டு வந்து தந்தார்கள், மேலதிகக் கூலி கேட்கவில்லை. கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் அவ்வளவுதான். ஒரு கியூப் கல் நாலு தொன்னுக்கு மேல் வரும் என்பதால், தூரத்துக் கடையில் விலை குறைவு என்று போனால் லொறிக்கூலியே அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். பக்கத்துக் குவாரியில் நேரடியாக எடுக்க முடிந்தவர்கள் அப்படியே செய்யலாம்.

வருகிற செப்டெம்பரில் அவக்காடோ மரத்தடியிலுள்ள சொய்சியாவைப் பெயர்த்துவிட்டு, மலைப்பாதை ஓரத்துப் புல்லையே வேரோடு கொண்டு வந்து நட இருக்கிறோம், தாத்தா நாலு கூடை தருவதாகச் சொல்லியிருக்கிறார். பளிங்குச் சிப்ஸில் ஒரு செடியைச் சுற்றிக் கிடப்பதை மட்டும் அள்ளவில்லை. பேத்திக்கு ரோஜா நிறம்தான் பிடித்திருக்கிறதாம்.